தேரிக்குப் போன தலையணை

எங்கள் ஊர்ப் பாசனச் சானலில் முழங்காலளவு தண்ணீரில் நின்று சித்தப்பாவின் மோட்டார் வண்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. எருமைகள் இறங்கும் படித்துறையில் முன்சக்கரங்கள் இரண்டும் நனையும்படி வண்டியை நிறுத்தியிருந்தார் சித்தப்பா. எனக்கு மட்கார்டு, அவருக்கு எஞ்சின் என்று வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றிருந்தார். இடவப்பாதி மழை, அந்தத் தென்மேற்குப் பருவமழை, தொடங்கியிருந்த நேரம். தூறல் யோசித்து யோசித்து விழுந்தது.

"தேரிக்குள்ள வண்டி போவுமா போவாதாங்கது எனக்குத் தெரியாது அண்ணே," என்றார் சித்தப்பா, எஞ்சினுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே. "ஆனா போயாவணும். ஆடி பொறந்துட்டா அங்க மண்ணு எந்த எடத்துல கெடக்கும்னு அந்த மண்ணுக்கே தெரியாது."

அப்பா 'ம்' என்றார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர் 'ம்' என்று சொன்னால் விடை சரியாக வந்துவிட்டது, கீழே கோடு போட்டுவிடலாம் என்று அர்த்தம்.

என் கையிலிருந்த தேங்காய் நார் நழுவிச் சானலோடு போய்விட்டது. தேரிக்குப் போகிறார்கள். மோட்டாரில் போகிறார்கள். ஆகவே நானும் போகிறேன். மூன்றாவதாக வந்த இந்தச் சங்கதியை யாரும் சொல்லவில்லை. எனக்கு அது மற்ற இரண்டையும்விடத் தெளிவாக இருந்தது.

எனக்கு அப்போது பதினொரு வயது. மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளத்தில் முதல் ஆளாக இருந்தேன். பாலைவனம் என்றால் என்ன என்று யாராவது எழுப்பிக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன். ஆனால் நான் பார்த்ததெல்லாம் வயலும் குளமும் சானலும்தான். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் நடந்தாலும் சட்டென்று கால் நனையும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் திருநெல்வேலிச் சீமைக்குள் இறங்கிப் போனால், செக்கச்செவேலென்று மணல் குன்றுகள் கிடக்கின்றன, அதற்குப் பேர் தேரி என்று அத்தையின் புருஷன் சொல்லியிருந்தார். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அங்கேதான் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தையும் அதைவிடச் சின்ன ஒரு சபையையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் நின்று கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்காதாம். காற்றடித்தால் நேற்று நடந்த பாதை இன்றைக்கு இருக்காதாம். அப்பாவின் ஒரே தங்கை அந்த இடத்துக்கு வாழப்போனவள் என்பது எனக்கு வெகுநாள் பெருமையாக இருந்தது.

மாமா ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். காலையில் சானலில் இறங்கினால் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை ஏறமாட்டார். கழுத்தளவு தண்ணீரில் சும்மா நின்றுகொண்டிருப்பார். சாப்பிட்டுக் கை கழுவுகிற தண்ணீரைக்கூட முற்றத்தில் கொட்டாமல், நடந்து போய் வாழை மூட்டில் ஊற்றுவார். மழையில் வேர் அழுகிக்கொண்டிருந்த வாழை. நாங்கள் எல்லோரும் பின்னால் சிரித்தோம். அது எனக்குப் பிறகு உதவியது.

சித்தப்பாவின் வண்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். மலைமேல் காப்பித் தோட்டத்தில் ஒரு துரை ஓட்டித் தேய்த்த வண்டி. துரை அதைக் கைகழுவியபோது, டிரைவராக இருந்த சித்தப்பா வாங்கிக்கொண்டு வந்து வடசேரியில் வாடகைக்கு ஓட்டினார். மேலே கான்வாஸ் கூரை. முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒடுங்கி இருந்தால் மூன்று பேர். கைப்பிடியைப் போட்டுச் சுற்றினால் சில நாள் கிளம்பும், சில நாள் சித்தப்பாவின் வாயிலிருந்து வேதக்காரர் வீட்டில் கேட்கக்கூடாத வார்த்தைகள் கிளம்பும்.

போகிறவர்கள் சித்தப்பா, அப்பா, அம்மா. மூன்று பேர். பின்னால் அம்மாவுக்குப் பக்கத்தில் இரண்டு இடம் சும்மா கிடக்கும். நான் இதைச் சாப்பிடும்போது அப்பாவிடம் கணக்காகவே எடுத்துச் சொன்னேன். அப்பாவுக்குக் கணக்குப் பிடிக்கும் என்று நம்பினேன்.

"எடம் இல்ல," என்றார் அப்பா.

"ரெண்டு எடம் இருக்குல்லாப்பா."

"இருக்கு. ஆனா இல்ல."

வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி விடை சொல்லியிருந்தால் பெஞ்சுமேல் ஏற்றியிருப்பார். அம்மா எனக்குக் குழம்பு ஊற்றிவிட்டு, "நீ பெரியம்மை வீட்டுல நிக்கணும். பேச்சில்ல," என்றாள். பெரியம்மாவின் வீடு வடசேரிச் சந்தைக்குப் பக்கத்தில் இருந்தது. வேறு சமயமாக இருந்தால் சந்தை இரைச்சலுக்காகவே ஓடியிருப்பேன். தேரிக்கு முன்னால் வடசேரி எம்மாத்திரம்.

இனிப் பேசிப் பயனில்லை, நான் இல்லாமல் இந்தப் பயணம் நடக்காது என்ற நிலையைக் கொண்டுவரவேண்டும் என்று தீர்மானித்தேன். வண்டிக்கு வேண்டிய ஆளாக ஆகிவிட்டால் யாரும் இறக்கிவிடமாட்டார்கள். அதனால் சித்தப்பாவிடம் போய், மணலில் வண்டி எப்படிப் போகும், சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அவருக்கும் அதே கவலை இருந்திருக்கிறது, கேட்க ஓர் ஆள் இல்லாமல் இருந்திருக்கிறது.

அடுத்த நாளே வட்டக்கோட்டைக்குப் பக்கத்துக் கடற்கரைக்கு வண்டியை விட்டோம். சோதனைக்கு என்னையும் கூட்டிப்போனார். முட்டுக் கொடுக்க இரண்டு பலகைகள் எடுத்திருந்தார். மணலில் இறங்கி நாலு முழம்கூடப் போகவில்லை, பின்சக்கரம் சுழன்று சுழன்று தனக்குத் தானே குழி வெட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பலகையைச் செருகினால் சக்கரம் அதைப் பின்னால் எறிந்தது. ஒன்று சித்தப்பாவின் காதுக்குப் பக்கத்தில் போயிற்று.

கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கூடிவிட்டார்கள்.

"என்ன வே, கடலுக்கா போறீரு?" என்றார் ஒருவர்.

"வலையக் காணலியே," என்றார் இன்னொருவர்.

"இது தூண்டிலு போட வந்த வண்டி லே. கொம்பன் சுறாவையே வளைக்கதுக்கு."

சித்தப்பா மணலில் மண்டிபோட்டுச் சக்கரத்துக்கடியில் கையால் தோண்டினார். கழுத்து சிவந்திருந்தது. நான் சுற்றிலும் பார்த்தேன். சற்றுத் தள்ளி மீன் காயப்போட்ட இடத்தில் நாலு கம்பு நட்டு, மேலே தென்னங்கிடுகு வேய்ந்திருந்தார்கள். பின்னிய ஓலை. பலகை வழுக்கும், கிடுகுக்குப் பல் இருக்கிறது. ஓடிப்போய் இரண்டைப் பிடுங்கினேன்.

"ஏட்டி, யாருக்க பிள்ளட்டி நீ?" என்று ஒரு அம்மாள் மீன்கூடையோடு எழுந்து வந்தாள். "எனக்க மீனுக்கு மேல கெடக்க கூரையையா பிடுங்குகா? மானத்தப் பாத்தியா, இப்பம் மழை விழும்."

"திருப்பித் தந்துருகேன் மாமி. சித்தப்பாக்க வண்டி பொதஞ்சு போச்சு."

அவள் வண்டியைப் பார்த்தாள். பிறகு தானே ஒரு கிடுகைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். கிடுகுகளைக் குறுக்காகச் சக்கரத்துக்கு முன்னால் விரித்தோம். வலைக்காரர்கள் கேலியை நிறுத்தாமலே பின்னாலிருந்து தள்ளினார்கள். வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. ஓலை நார்நாராகக் கிழிந்து போயிற்று, ஆனால் வண்டி ஏறியது. பிறகு கிடுகு மாற்றி மாற்றி விரித்துக் கரைவரை வந்துசேர்ந்தோம். அந்த அம்மாளுக்கு எங்கள் வீட்டு மாட்டுத் தொழுவத்துக்கு வாங்கி வைத்திருந்த புதுக் கிடுகுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியதாயிற்று. அம்மா அதைப் பற்றி இரண்டு நாள் பேசினாள்.

திரும்பும் வழியில் சித்தப்பா என் தலையில் கைவைத்து, "நீ இல்லாம நான் வண்டிய எடுக்க மாட்டேன் மக்ளே," என்றார்.

அந்த வார்த்தையை அப்படியே கொண்டுபோய் அம்மாவிடம் வைத்தேன். அம்மா சித்தப்பாவைக் கூப்பிட்டு அடுக்களைக்குள் நிறுத்தி ஏதோ கேட்டாள். அவர் வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மைனி சொன்னா சரிதான் மக்ளே," என்று மட்டும் சொல்லிவிட்டு எஞ்சின் பக்கம் போய்விட்டார். அண்ணியை எங்கள் பக்கம் மைனி என்போம்.

அன்று சாயங்காலம் அம்மா பின்கட்டில் நின்று அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருந்தேன். ஒட்டுக்கேட்கப் போகவில்லை, கோழியை அடைக்கப் போனேன். கேட்டது என்னவோ நன்றாகவே கேட்டது.

"மாட்டு வண்டில கொண்டு வந்துல்லா ரெண்டு தடவையும் போச்சு. இந்தத் தடவையாவது குலுங்காமக் கொண்டு வரணும். ஒங்க தம்பிக்க வண்டி குலுங்காதுன்னு யாரு கண்டா?"

அப்பா இதற்கு 'ம்' சொல்லவில்லை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அத்தை வீட்டிலிருந்து ஏதோ கண்ணாடிச் சாமான், இல்லை பீங்கான் சாமான் இரண்டு முறை மாட்டு வண்டியில் வந்து உடைந்துபோயிருக்கிறது. இப்போது மூன்றாவது முறையாக அதை எடுத்துவரப் போகிறார்கள். இருக்கு ஆனா இல்ல என்று அப்பா சொன்ன இடம் அந்தச் சாமானுக்கு. இத்தனை பெரியவர்கள் சேர்ந்து இதையா மூடி மறைக்கவேண்டும் என்று எனக்கு அவர்கள்மேல் இரக்கம்கூட வந்தது. குலுங்குமா குலுங்காதா என்பது அனுமானிக்கிற விஷயமா, சோதிக்கிற விஷயமல்லவா.

சித்தப்பா ஒரு பழைய டயர் பார்க்கத் தக்கலைக்குப் போகவேண்டியிருந்தது. நானும் வருகிறேன் என்று தொற்றிக்கொண்டேன். ஒரு சுளவில், அதாவது முறத்தில், கோழிமுட்டைகளை அடுக்கி, மேலே துணியை மூடிப் பின்சீட்டில் வைத்தேன். அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் கவனமாக ஓட்டுவார், சோதனை சரியாக வராது.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது பத்மநாபபுரம் கோட்டைச் சுவர் ஓரமாக ஒரு திருப்பத்தில் மழை வெட்டிய பள்ளம். வண்டி விழுந்து எழுந்தது. பின்னால் ஓர் ஓசையும் கேட்கவில்லை, ஆனால் திரும்பிப் பார்த்தபோது துணியில் மஞ்சள் ஊறிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு ஒடஞ்சு போச்சு சித்தப்பா," என்றேன்.

"என்னதுட்டி ஒடஞ்சுது?"

சொன்னேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, பின்சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "தேரிக்கு ஆம்லெட் கொண்டு போறியாட்டி?" என்றார். பிறகு, முட்டை எதற்கு என்று கேட்டார். கோழிக்கூட்டுக்குப் பின்னால் கேட்டதை அப்படியே சொன்னேன். மாட்டு வண்டியில் இரண்டு தடவையும் போச்சாம், அதுதான் மோட்டாரில் போகுமா என்று பார்த்தேன் என்றேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு வண்டியைக் கிளப்பினார். நாகர்கோவில்வரை எப்படி ஓட்டினார் என்றால், வைக்கோல் ஏற்றிய வண்டிகள் எங்களை முந்திப் போயின. வண்டிக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்து, வேணும்னா மாட்ட அவுத்துத் தரட்டுமா என்று கேட்டார். சித்தப்பா ஒவ்வொரு பள்ளத்துக்கும் என்னிடம், "முட்டை எப்பிடிட்டி இருக்கு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார்.

நான் வயது வந்து, கல்லூரிக்கு வெளியூர் போவதற்கு முந்தின இரவு அம்மா எனக்குச் சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேறுகாலத்துக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவருவது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தைக்கு அம்மையும் அப்பனும் இல்லாததால் எங்கள் வீடுதான் பிறந்த வீடு. இரண்டு தடவை தேரியிலிருந்து மாட்டு வண்டியில் அழைத்து வந்தார்கள். இரண்டு தடவையும் வண்டி கணவாயைத் தாண்டுவதற்குள் பிள்ளை இல்லாமல் போயிற்று. இது மூன்றாவது. அழைக்காமல் விட்டுவிடலாம் என்றால், அங்கே ஆபத்துக்குக் கூப்பிட ஒரு மருத்துவச்சிகூட இல்லை. சித்தப்பா துரையின் வண்டியை வாங்கியதற்குப் பாதிக் காரணம் இதுதானாம். வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. இந்த மாதிரி விஷயங்களைப் பிள்ளைகள் காதில் போடுவதில்லை என்பதும் எங்கள் பக்கத்து வழக்கம்.

ஆகவே எதுவும் தெரியாமல், அன்று தக்கலையிலிருந்து வந்ததும் நான் நேரே அடுக்களைக்குள் போய், நல்ல செய்தி சொல்லுகிற குரலில், "அம்மா, சோதிச்சுப் பாத்தாச்சு. ஒண்ணுதான் ஒடஞ்சுது, பாக்கி எல்லாம் பத்திரம்," என்று சொன்னேன்.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. முட்டையை எடுத்ததற்கு அடி விழும் என்று நான் ஓடத் தயாராக இருந்தேன். அவள் அடிக்கவில்லை.

"எந்த எடத்துல வச்சு ஒடஞ்சுது?" என்று கேட்டாள்.

"கோட்டைப் பக்கத்துத் திருப்பத்துல. சுளவ சும்மாதான் வச்சிருந்தேன், கீழ ஒண்ணும் விரிக்கல்ல."

அம்மா எழுந்து கையைக் கழுவிவிட்டு உள்ளே போனாள். பெட்டியைத் திறந்து, கலியாணத்துக்கு வந்த இலவம்பஞ்சுத் தலையணைகளை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். யாரும் தலைவைத்துப் படுத்திராத தலையணைகள்.

"இத விரிச்சு இன்னொரு தடவ போயிட்டு வா. சித்தப்பாட்ட நான் சொன்னேன்னு சொல்லு."

போனோம். அதே திருப்பம், அதே பள்ளம். ஒன்றும் உடையவில்லை. நான் சுளவைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். அம்மா முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கீறல்கூட இல்லை. அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் என்னிடம் ஒரு மாதிரி மரியாதையாக நடந்துகொண்டார்கள். அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். இனி என்னை விட்டுவிட்டுப் போவது நடக்காது என்று நான் பாவாடை சட்டையை மடித்து வைத்துக்கொண்டேன்.

புறப்படுகிற காலையிலும் மழை தூறியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். கிடுகுக் கட்டு ஒரு பக்கத்துக் கால்பலகையில், பெட்ரோல் டின்கள் மறு பக்கத்தில். அம்மா புளிச்சோறு கட்டியிருந்தாள். ஏத்தங்காய் உப்பேரி, முந்திரிக்கொத்து, ஒரு குலை மட்டிப்பழம், ஒரு பரணிச் சாடி நிறைய உப்பிலிட்ட மாங்காய். இவ்வளவு மாங்காயையும் அந்த மூன்று பேரில் யார் தின்னப் போகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. இதையெல்லாம் சமஸ்தான எல்லைச் சௌக்கையில் சுங்கக்காரர்கள் அவிழ்த்துப் பார்த்தால் எப்போது போய்ச் சேருவது என்று அப்பா அலுத்துக்கொண்டார். சித்தப்பா சிறிதாக ஜெபம் பண்ணச் சொல்ல, அப்பா நீளமாகப் பண்ணினார்.

ஆமென் சொல்லி நான் கண்ணைத் திறந்தபோது பின்சீட்டுக்குக் கீழே, அம்மா கால்வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஓர் ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரத் தோதாக இடம் இருப்பது தெரிந்தது. சீட்டே வேண்டாம். நான் அங்கே இருந்துகொள்வேன். சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து மாமா என் நினைவுக்கு வந்தார், கையில் செம்போடு, வாழை மூட்டில், மழையில்.

"யாரும் வெள்ளம் எடுக்கல்லியே," என்றேன்.

எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேர். அம்மா, "வெள்ளமா, வழில எங்கெயும் கோரிக்கிடலாம்," என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் ஊரில் யாரும் பயணத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு போனதில்லை. நின்ற இடத்தில் சானல் இருக்கும், இல்லையென்றால் குளம் இருக்கும், அதுவும் இல்லையென்றால் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் செம்பு நிறைய வரும். தலையில் மழை விழுந்துகொண்டிருக்கும்போது தண்ணீரைப் பற்றி நினைக்கிறவன் பைத்தியக்காரன். நான் மாமாவின் வாழையைப் பற்றிச் சொன்னேன். ஒருவர் கூப்பிட்டால் அடுத்தவருக்குக் கேட்காத ஊரில் எந்த வீட்டு வாசலில் போய் நிற்பீர்கள் என்று கேட்டேன். எஞ்சினும் தண்ணீர் குடிக்குமே என்றேன்.

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா மெதுவாகத் தலையில் கைவைத்தார்.

"சவம், அத மறந்துட்டோமே அண்ணே."

உடனே ஓடினார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து குடங்கள் வந்தன. கிணற்றில் இறைத்து நிரப்பி, வாயைத் துணியால் கட்டி, வண்டிக்குள் இறக்கினார்கள். பின்சீட்டுக்குக் கீழே, அம்மா கால்வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஓர் ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரத் தோதான இடத்தில், அவை அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தன.

சித்தப்பா கைப்பிடியைச் சுற்றினார். முதல் சுற்றிலேயே கிளம்பிற்று. எனக்கு அந்த வண்டியின்மேலும் வெறுப்பு வந்தது. பின்சீட்டில் அம்மா ஒரு மூலையில் இருந்தாள். மீதி இடம் முழுக்க மெத்தை விரித்து, அதன்மேல் அந்த இலவம்பஞ்சுத் தலையணைகள் இரண்டும் கால்நீட்டிக்கொண்டு சொகுசாகக் கிடந்தன. தலையணை தேரிக்குப் போகிறது, நான் வடசேரிக்குப் போகிறேன் என்று எண்ணிக்கொண்டு பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் திரும்பி வந்ததை நான் பெரியம்மா வீட்டுத் திண்டில் இருந்தே கேட்டேன். அந்த ஹாரனை எனக்குத் தெரியும். ஓட்டமாக ஓடி வீட்டுக்கு வந்தபோது வண்டி முற்றத்தில் நின்றது. வண்டி முழுக்கச் சிவப்பாக இருந்தது. அப்பாவின் மீசை, சித்தப்பாவின் காது, கான்வாஸ் மடிப்பு எல்லாவற்றிலும் குங்குமம் போல மண். கால்பலகையில் ஒரு கிடுகுகூட மிச்சமில்லை.

அம்மா அத்தையைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தாள். அத்தை முகம் வெளிறியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். நன்றாகத் தடித்திருந்தாள். தேரியில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று குறித்துக்கொண்டேன். நான் எட்டிப் பார்த்தது வண்டிக்குள்ளே. கண்ணாடிச் சாமானோ பீங்கான் சாமானோ எதுவும் இல்லை. அவ்வளவு பாடுபட்டுப் போய், எடுத்துவர மறந்துவிட்டார்கள்.

குடங்கள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. ஒரு சொட்டு இல்லை.

"நடுத்தேரில பொதஞ்சிட்டு," என்று சித்தப்பா பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "வெயிலுன்னா வெயிலு, நிழலுக்கு ஒரு பனை கெடையாது. எஞ்சினு கொதிக்கு. கிடுகு விரிக்கோம், காத்து தூக்கிட்டுப் போவுது. இவளுக்கு நாக்கு வறண்டு கண்ணு சொருகுது. மைனி அந்தக் குடத்த அவுத்து மொகத்துல தெளிச்சு, குடிக்கக் கொடுத்து..." இந்த இடத்தில் என்னைப் பார்த்துவிட்டார். பேச்சை விட்டுவிட்டு வந்து என்னைத் தூக்கினார். பதினொரு வயதுப் பிள்ளையைத் தூக்குவார்களா, எனக்கு வெட்கமாக இருந்தது. "ஒனக்க வெள்ளம் இல்லேன்னா மக்ளே," என்று ஆரம்பித்தார். அம்மா, "தம்பி," என்றாள். அவர் நிறுத்திக்கொண்டார். எஞ்சினுக்குத்தான் சொல்லுகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். ரேடியேட்டர் எவ்வளவு குடித்தது என்று கேட்டேன். "அது கொஞ்சம்தான் குடிச்சுது," என்றார்.

அன்று ராத்திரி அம்மாவும் அத்தையும் படுத்திருந்த அறைக்குப் போய் அத்தையின் காலடியில் உட்கார்ந்தேன். தேரியைப் பற்றிக் கேட்க எனக்கு நூறு கேள்வி இருந்தது. அத்தை, "நான் எங்க பாத்தேன், படுத்தே வந்தேன். கூரையில கெடந்த ஓட்டையெல்லாம் எண்ணியாச்சு," என்றாள். அதே தலையணைகளில்தான் இப்போதும் படுத்திருந்தாள். அந்தத் தலையணைகளில் நான் மூக்கை வைத்துப் பார்த்தேன். மண்வாசனை அடித்தது. இனி இவற்றிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் எனக்கு அடுத்த எண்ணம் வந்தது. அத்தை எங்களோடே இருந்துவிடப் போவதில்லை. மழையெல்லாம் ஓய்ந்து, காற்று அடங்கினதும் அவளைத் திரும்பக் கொண்டுபோய் விடவேண்டும் என்று அப்பாவே சொல்லியிருந்தார். அப்போது முன்னால் சித்தப்பாவும் அப்பாவும். பின்னால் அம்மாவும் அத்தையும். அத்தை அதற்குள் தேறிவிடுவாள், உட்கார்ந்தே வருவாள், தலையணைக்கு வேலையில்லை. ஓர் ஆளுக்கு இடம் தாராளமாக மிச்சம். இந்தக் கணக்கை நான் அத்தையிடம் விளக்கமாகச் சொன்னேன். அம்மா இருட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அத்தை, "அந்த எடத்துக்கு ஒரு ஆளு வாறதா இருக்கே மக்ளே," என்றாள்.

"யாரு?"

"வரட்டும். மொதல்ல நல்லபடியா வரட்டும்."

எனக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. இத்தனை சோதனை செய்து பயணத்தை நடத்திக் கொடுத்தவள் நான், எங்கிருந்தோ வருகிற ஆளுக்கு இடம் போகிறது. இருந்தாலும் கோபப்பட்டுப் பயனில்லை. இடம் எவ்வளவு என்று தெரிந்தால் வழி கண்டுபிடிக்கலாம்.

"ஆளு ஒல்லியா, தடியா?" என்று கேட்டேன்.

அத்தை சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா, "ஏட்டி, சிரிக்காத, பைய, பைய," என்று பதறினாள். ஆனால் அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒல்லியாத்தான் இருக்கும்," என்றாள் அத்தை.

அப்படியானால் சரி, நெருக்கி இருந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். எனக்கு வேலை இருந்தது. கிடுகு ஒன்றுகூட மிச்சமில்லை, போனதடவை கொண்டுபோனதும் போதவில்லை. மறுநாள் காலை தென்னைக்குக் கீழே விழுந்து கிடந்த மட்டைகளை இழுத்துவந்து சானலில் ஊறப்போட்டேன். அந்த ஒல்லியான ஆள் வந்து சேர்வதற்குள் ஒரு கட்டாவது பின்னி முடித்துவிடவேண்டும். நான் பின்னிய கிடுகு வண்டியில் இருக்கும்போது, நேற்று வந்த ஆளுக்காக என்னை யாரும் இறங்கச் சொல்லமுடியாது.